அக்கா போனில் ஓடும் ஆப், தம்பி போனில் ஏன் வரவில்லை? ஆண்ட்ராய்டு மாறும்போது செயலிகளுக்கு என்ன ஆகிறது?

அக்கா போனில் உள்ளூர் கடையின் ஆர்டர் ஆப் இருக்கிறது. மூன்று வருடமாக ஓடுகிறது, எந்தப் பிரச்னையும் இல்லை. தம்பி புதுப் போன் வாங்கி, அதே ஆப்பை ப்ளே ஸ்டோரில் தேடுகிறார். பெயரை எழுத்து மாறாமல் அடித்தும் வரவில்லை. அக்கா லிங்க் அனுப்பினால், 'உங்கள் போனுக்கு இந்த ஆப் பொருந்தாது' என்ற ரீதியில் ஒரு பதில் வருகிறது. வாங்கியதோ புத்தம் புதுப் போன்!

கடை மூடப்பட்டதா என்றால் இல்லை. ஆப்பில் வைரஸா என்றால் அதுவும் இல்லை. பெரும்பாலும் காரணம் இதுதான்: ஆண்ட்ராய்டு மாறிவிட்டது, ஆப் மாறவில்லை.

விருதுநகர் மாவட்டத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் நூற்பாலைகள், சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணி. இன்னொரு பக்கம் 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா. ராஜபாளையத்தில் ராம்கோ பொறியியல் கல்லூரியும், ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. ஒரு கடைக்கோ பள்ளிக்கோ சின்ன ஆப் எழுதித்தரக்கூடிய இளைஞர்களுக்கு இந்தப் பக்கத்தில் பஞ்சமில்லை. ஆப் செய்வது இன்று பெரிய காரியமும் இல்லை. செய்த ஆப்பை ஐந்து வருடம் உயிரோடு வைத்திருப்பதுதான் கஷ்டம். அது ஏன் என்று பார்ப்போம்.

ஏபிஐ என்றால் என்ன?

தாலுகா ஆபீஸ் கவுன்ட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். பதிவேடுகள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. நாம் நேராக உள்ளே போய் பீரோவைத் திறக்க முடியாது. கவுன்ட்டரில் படிவம் கொடுத்தால், உள்ளே இருப்பவர் எடுத்துத் தருவார். எந்தப் படிவம், என்னென்ன இணைக்க வேண்டும், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்பதற்கு விதிகள் உண்டு.

போனுக்குள்ளும் இதே கதைதான். கேமரா, காண்டாக்ட் லிஸ்ட், மெசேஜ், இருப்பிடம், போட்டோக்கள் எதையும் ஒரு ஆப் நேரடியாகத் தொட முடியாது. ஆண்ட்ராய்டிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அப்படிக் கேட்பதற்கென்று ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் கவுன்ட்டர்கள்தான் ஏபிஐ.

படிவம் மாறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. முதலில் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டுவார்கள்: 'இந்தப் படிவம் விரைவில் நிறுத்தப்படும், புதிய படிவத்தைப் பயன்படுத்தவும்.' டெவலப்பர்கள் இதை 'டெப்ரிகேட் ஆயிடுச்சு' என்பார்கள். பழைய படிவம் அன்றைக்கே செல்லாமல் போய்விடாது. ஒரு வருடம், இரண்டு வருடம் ஓடும். அதனால்தான் அறிவிப்பை யாரும் படிப்பதில்லை. ஒருநாள் கவுன்ட்டர் மூடப்படும்போதுதான் ஓட்டம் ஆரம்பிக்கிறது.

ஆப்பிள் இதில் ஈவு இரக்கம் பார்ப்பதில்லை. 2017-ல் ஐஓஎஸ் 11 வந்தபோது, பழைய 32 பிட் ஆப்கள் ஐபோனில் திறக்கவே இல்லை. ஆண்ட்ராய்டு கொஞ்சம் நயமாக நடந்துகொள்கிறது. அந்த நயத்தைப் புரிந்துகொள்ள மூன்று எண்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

மூன்று எண்கள், மொத்தக் கதை

ஒவ்வொரு ஆண்ட்ராய்டு பதிப்புக்கும் உள்ளே ஒரு ஏபிஐ எண் உண்டு. ஆண்ட்ராய்டு 11-க்கு 30. ஆண்ட்ராய்டு 14-க்கு 34. ஆண்ட்ராய்டு 15-க்கு 35. ஒவ்வொரு ஆப்பும் தன்னுடன் மூன்று எண்களைச் சுமந்துகொண்டு வருகிறது.

முதலாவது, மினிமம் எஸ்டிகே. 'இதைவிடப் பழைய போனில் நான் ஓட மாட்டேன்' என்ற எல்லைக்கோடு இது. இரண்டாவது, கம்பைல் எஸ்டிகே. ஆப்பை எழுதும்போது டெவலப்பர் எந்தப் பதிப்பின் ஏபிஐ பட்டியலைப் பார்த்து எழுதினார் என்பது. ஆப்பைப் பயன்படுத்துபவருக்கு இதனால் நேரடி பாதிப்பு கிடையாது.

மூன்றாவதுதான் முக்கியம்: டார்கெட் எஸ்டிகே. 'இந்தப் பதிப்பின் விதிகள் வரை எனக்குத் தெரியும், அதன்படி நடந்துகொள்கிறேன்' என்று ஆப் ஆண்ட்ராய்டிடம் கொடுக்கும் உறுதிமொழி இது. ஒரு ஆப்பின் டார்கெட் 30 என்றால், ஆண்ட்ராய்டு 15 போனிலும் பல விஷயங்களில் அதை ஆண்ட்ராய்டு 11 காலத்து ஆளாகவே போன் நடத்தும். புது விதிகள் பலவற்றை அதன்மேல் திணிக்காது. வீட்டில் பெரியவர்களுக்கு மட்டும் சில விதிவிலக்கு தருவோமே, அந்த மாதிரி.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. புது விதிகள் பெரும்பாலும் பயனாளரின் பாதுகாப்புக்காக வருபவை. டார்கெட்டை வேண்டுமென்றே பழைய எண்ணில் வைத்துக்கொண்டால், அந்த விதிகளிலிருந்து தப்பித்துவிடலாம். 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6-ல்தான் 'கேமராவுக்கு அனுமதி தரவா?' என்று பயன்படுத்தும்போது கேட்கும் முறை வந்தது. டார்கெட் 22-லேயே நின்றுவிட்ட ஆப்கள், அதற்குப் பிறகும் இன்ஸ்டால் செய்யும்போதே எல்லா அனுமதியையும் மொத்தமாக வாங்கிக்கொண்டன. நேர்மையான சோம்பேறியும் அந்த எண்ணில் இருந்தார், திருட்டு ஆப் செய்பவரும் அதே எண்ணில் இருந்தார். ஆண்ட்ராய்டு 14 முதல், டார்கெட் 23-க்குக் குறைவான ஆப்பை போன் இன்ஸ்டால் செய்யவே மறுக்கிறது.

ஆகஸ்ட் 31 கெடு

இந்த ஓட்டையை அடைக்கத்தான் கூகுள் 2017 டிசம்பரில் ஒரு விதியை அறிவித்தது. 2018 ஆகஸ்ட் முதல் ப்ளே ஸ்டோருக்கு வரும் புது ஆப்கள், அதே ஆண்டு நவம்பர் முதல் வரும் அப்டேட்கள், சமீபத்திய டார்கெட் எண்ணை வைத்திருக்க வேண்டும் என்றது. அதிலிருந்து வருடா வருடம் எண் ஏறுகிறது. 2023 ஆகஸ்ட் 31-க்கு 33. 2024 ஆகஸ்ட் 31-க்கு 34. 2025 ஆகஸ்ட் 31-க்கு 35. அவகாசம் கேட்டு விண்ணப்பித்தவர்களுக்கு 2025 நவம்பர் 1 வரை நேரம் கிடைத்தது.

சரி, 'நான் அப்டேட்டே போடப் போவதில்லை, ஆப் அப்படியே இருக்கட்டும்' என்றால்? சில வருடம் முன்புவரை அது நடந்தது. 2022-க்குப் பிறகு நடக்காது. அப்டேட் இல்லாமல் கிடக்கும் ஆப்களுக்கும் ஒரு குறைந்தபட்ச டார்கெட் உண்டு. 2025 கெடுவின்படி அது 34. அதற்குக் கீழே இருக்கும் ஆப், அதன் டார்கெட் எண்ணைவிடப் புதிய ஆண்ட்ராய்டு இருக்கும் போன்களில் புதுப் பயனாளர்களுக்குக் காட்டப்படாது.

தம்பி போனில் நடந்தது இதுதான். கடை ஆப்பின் டார்கெட் 30 என்று வைத்துக்கொள்வோம். ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்கும் பழைய போன் வைத்திருப்பவருக்கு ப்ளே ஸ்டோரில் தெரியும். தம்பியின் போன் ஆண்ட்ராய்டு 15, அதனால் தெரியாது. ஆனால் ஏற்கெனவே ப்ளே ஸ்டோரிலிருந்து அதை இறக்கியிருந்த அக்காவுக்குத் தொடர்ந்து கிடைக்கும். அழித்துவிட்டாலும் திரும்ப இறக்கலாம்.

கடைக்காரருக்கு இது தெரியவே தெரியாது என்பதுதான் இதில் வேதனை. அவர் போனில் ஆப் இருக்கிறது. பழைய வாடிக்கையாளர்கள் ஆர்டர் போடுகிறார்கள். புது வாடிக்கையாளர்கள் மட்டும் சத்தமில்லாமல் நின்றுபோகிறார்கள். எச்சரிக்கை மெயில் வந்திருக்கும். ஆனால் அது போனது, நான்கு வருடம் முன்பு ஆப் செய்துகொடுத்துவிட்டு இப்போது பெங்களூருவில் வேலை பார்க்கும் ஒருவரின் இன்பாக்ஸுக்கு.

எண்ணை மாற்றினால் போதாதா?

டார்கெட் 30 என்பதை 35 என்று மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒரே ஒரு வரி. ஆனால் அந்த வரியை மாற்றிய நொடியில், இடையில் வந்த நான்கு வருட விதிகள் எல்லாம் ஒட்டுமொத்தமாக ஆப் மீது வந்து விழும். இப்படி இதுவரை வந்த மாற்றங்களில் சிலவற்றைப் பார்த்தாலே வலி புரியும்.

அதிகம் பேரை அலையவிட்டது ஸ்டோரேஜ் மாற்றம். ஆரம்ப காலத்தில் அனுமதி வாங்கிய ஆப், போனின் பொது ஸ்டோரேஜில் எங்கு வேண்டுமானாலும் எழுதலாம், எதையும் படிக்கலாம். பில் போடும் ஆப் 'பில்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி பிடிஎஃப் சேமிக்கும். டார்ச் லைட் ஆப் நினைத்தால் உங்கள் குடும்பப் போட்டோக்களைப் படிக்கும். 2019-ல் ஆண்ட்ராய்டு 10 இதற்குக் கடிவாளம் போட்டது: ஒவ்வொரு ஆப்புக்கும் தனி அறை, அடுத்தவர் அறைக்குள் நுழையத் தடை. டெவலப்பர்கள் கூச்சல் போட்டதால் முதல் வருடம் விலகி நிற்க ஒரு வழி தரப்பட்டது. 2020-ல் வந்த ஆண்ட்ராய்டு 11-ல், டார்கெட் 30-க்குப் போன ஆப்களுக்கு அந்த வழியும் அடைக்கப்பட்டது. வாட்ஸ்அப் ஃபோல்டர் முன்பு ஃபைல் மேனேஜரில் நேராகக் கண்ணில் படும், பின்னர் 'ஆண்ட்ராய்டு', 'மீடியா' என்று உள்ளே உள்ளே தேடிப் போகவேண்டியதாயிற்று. அது இந்த மாற்றத்தின் விளைவுதான். வாட்ஸ்அப்பிடம் ஆள்பலம் இருந்தது, ஃபைல்களை நகர்த்திவிட்டது. ஒற்றை ஆள் எழுதிய பில்லிங் ஆப்பில், டார்கெட்டை ஏற்றிய மறுநாள் 'பில் சேவ் ஆகல சார்' என்று போன் வரும்.

இந்தியாவில் அதிகம் பேசப்பட்ட இன்னொன்று எஸ்எம்எஸ். 2018 அக்டோபரில் கூகுள் அறிவித்த கொள்கைப்படி, மெசேஜையும் கால் லிஸ்ட்டையும் படிக்கும் அனுமதி சில குறிப்பிட்ட வகை ஆப்களுக்கு மட்டும் என்றானது. 2019 தொடக்கத்தில் அமலுக்கு வந்தது. பேங்க் மெசேஜைப் படித்து மாதச் செலவைக் கணக்குப் போட்டுத்தரும் ஆப்கள் நம் நாட்டில் அப்போது பிரபலம். அவை விதிவிலக்கு கேட்டு வரிசையில் நின்றன. ஓடிபியைத் தானாகப் படிப்பதற்காகவே இந்த அனுமதியை வாங்கி வைத்திருந்த ஆப்களுக்கு, வேறு ஒரு ஏபிஐ காட்டப்பட்டது. ஓடிபி மெசேஜ்கள் சிலவற்றின் கடைசியில் அர்த்தம் புரியாத 11 எழுத்துகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அந்த ஆப்பின் அடையாளம். 'இந்த ஒரு மெசேஜ் மட்டும் இந்த ஆப்புக்கு' என்று ஆண்ட்ராய்டே பார்த்து எடுத்துக் கொடுக்கும். மற்ற மெசேஜ்களைப் படிக்கும் அனுமதி தேவையில்லை. இந்த மாற்றத்தில் பயனாளருக்கு லாபம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஆப்பை மட்டும் மாற்றினால் போதாது, ஓடிபி அனுப்பும் சர்வரில் மெசேஜின் வாசகத்தையும் மாற்ற வேண்டியிருந்தது.

பிறகு 2022-ல் ஆண்ட்ராய்டு 13. நோட்டிபிகேஷன் அனுப்பவே பயனாளரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்றது. புதிதாக இன்ஸ்டால் ஆகும் ஆப்பில் 'வேண்டாம்' என்று தட்டிவிட்டால் முடிந்தது. 'ஆர்டர் வந்தால் சத்தம் வரும்' என்று நம்பி இருக்கும் கடைக்கு இது சாதாரண விஷயமில்லை. எந்த இடத்தில், என்ன சொல்லிக் கேட்டால் வாடிக்கையாளர் சம்மதிப்பார் என்று யோசித்து, ஆப்பின் முதல் திரையையே மாற்றி அமைக்க வேண்டியிருந்தது.

ஆண்ட்ராய்டு 15-ஐ டார்கெட் செய்தால் ஆப்பின் திரை, மேலே மணி காட்டும் பட்டைக்கும் கீழே பட்டன் வரும் பட்டைக்கும் அடியில் வரை விரியும். கவனிக்காமல் விட்டால் 'ஆர்டர் செய்' பட்டன் போனின் பட்டன்களுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும்.

கடைசியாக ஒன்று. 2025 நவம்பர் 1 முதல், ஆண்ட்ராய்டு 15-ஐ டார்கெட் செய்யும் ஆப்கள் 16 கேபி மெமரிப் பக்கத்துக்கு ஒத்துப்போக வேண்டும் என்று கூகுள் சொல்லிவிட்டது. இதுவரை போன்கள் மெமரியை 4 கேபி துண்டுகளாகக் கையாண்டன. 'நான் சி பிளஸ் பிளஸ்ஸில் ஒரு வரிகூட எழுதவில்லையே, எனக்கென்ன?' என்று கேட்கலாம். ஆனால் பிடிஎஃப் காட்டவோ போட்டோவைச் சுருக்கவோ வெளியிலிருந்து ஒரு லைப்ரரி சேர்த்திருந்தால், அதற்குள் அந்த மொழியில் எழுதியது இருக்கும். அந்த லைப்ரரியை எழுதியவர் அதைக் கைவிட்டிருந்தால் தலைவலி உங்களுடையது.

இருபது வருடம் தாக்குப்பிடித்த தமிழ் ஆப்

மாற்றங்களோடு ஓடிப் பிழைத்ததற்குத் தமிழிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம். கணினியில் தமிழ் எழுத அவர் 1985-ல் முரசு அஞ்சலை உருவாக்கினார். கைபேசியில் தமிழ் எழுத 2005-ல் சிங்கப்பூரில் செல்லினத்தை வெளியிட்டார். ஐபோனே பிறக்காத காலம் அது.

2009-ல் செல்லினம் ஐபோனுக்கு வந்தது. ஆனால் அப்போது ஆப்பிளின் விதிப்படி, ஒரு ஆப் இன்னொரு ஆப்புக்குள் கீபோர்டாக நுழைய முடியாது. அதற்கான ஏபிஐயே கிடையாது. எனவே செல்லினத்தைத் திறந்து, அதற்குள் தமிழில் எழுதி, பிறகு அங்கிருந்து அனுப்ப வேண்டும். ஆண்ட்ராய்டிலோ 2009 முதலே வெளியார் கீபோர்டுகளுக்குக் கதவு திறந்திருந்தது. அங்கு 2012-ல் வந்த செல்லினம், எந்த ஆப்பிலும் தமிழ் எழுத உதவும் கீபோர்டாகவே வந்தது. ஒரே பெயர், ஒரே நோக்கம், ஆனால் இரண்டு தளங்களில் இரண்டு விதமான ஆப்!

2013-ல் ஐஓஎஸ் 7-ல் ஆப்பிள் தானே தமிழ் கீபோர்டைச் சேர்த்தது. இதற்கு மேல் வெளி ஆப் எதற்கு என்று கேட்கக்கூடிய நிலை. மறு வருடம், 2014-ல், ஐஓஎஸ் 8 வெளியார் கீபோர்டுகளுக்குக் கதவைத் திறந்தது. செல்லினம் ஐபோனிலும் கீபோர்டாக மாறியது. ஒரு தளத்தின் ஏபிஐ மாற்றம் ஆப்பைக் கொல்லவும் செய்யும், அது பல வருடம் காத்திருந்ததைக் கையில் கொடுக்கவும் செய்யும். மாற்றம் வரும் நாளில் ஆப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது அது.

பழைய போனை வைத்திருப்பவர் என்ன செய்வார்?

இதுவரை பார்த்தது புதுப் போனில் பழைய ஆப். இதற்கு எதிர்ப்பக்கம் இன்னும் கொடுமையானது: பழைய போனில் புது ஆப்.

டெவலப்பர் புது ஏபிஐகளைப் பயன்படுத்தத் தொடங்கினால், ஒரு கட்டத்தில் மினிமம் எஸ்டிகேவையும் உயர்த்திவிடுவார். பழைய போன்களுக்காகத் தனியாக எழுதி, தனியாகச் சோதிப்பது செலவு. கடை ஆப் என்றால் போகட்டும், போன் போட்டு ஆர்டர் சொல்லிக்கொள்ளலாம். சம்பளமும் சத்துமாவும் ஆப் வழியாக வரும்போது?

நூறு நாள் வேலைத் திட்டத்தில் வருகையைப் பதிவு செய்ய என்எம்எம்எஸ் என்ற ஆப் வந்தது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் 2022 மே மாதமும், எல்லா இடங்களிலும் 2023 ஜனவரி 1 முதலும் கட்டாயமாக்கப்பட்டது. வேலை நடக்கும் இடத்தில் ஒரு நாளைக்கு இரண்டு முறை போட்டோ எடுத்து, இருப்பிடத்தோடு ஏற்ற வேண்டும். கேமரா, இருப்பிடம், ஸ்டோரேஜ், நெட்வொர்க் என்று ஆண்ட்ராய்டு அடிக்கடி விதி மாற்றும் நான்கு கவுன்ட்டர்களிலும் இந்த ஆப் நிற்க வேண்டும். போனைத் தூக்கிக்கொண்டு நிற்பது, பெரும்பாலும் தன் சொந்தப் போனை வைத்திருக்கும் ஒரு கிராமத்துப் பெண். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவார ஊர் ஒன்றின் கண்மாய்க் கரையில் ஆப் திறக்காமல் போனால், அன்றைய வருகைப் பதிவே கேள்விக்குறி. அதில் நிற்பது அத்தனை பேரின் கூலி.

அங்கன்வாடிகளில் போஷன் டிராக்கர் 2021-ல் வந்தது. அந்த வருடம் ஆகஸ்டில் மகாராஷ்டிராவில் அங்கன்வாடி ஊழியர்கள் அரசு கொடுத்த போன்களைத் திருப்பிக் கொடுத்துப் போராடினார்கள். 2 ஜிபி ரேம் உள்ள அந்த போன்கள் ஆப்பின் பாரத்தைத் தாங்கவில்லை, சூடாகின்றன, ரிப்பேர் செலவு எங்கள் தலையில் விழுகிறது என்பது அவர்கள் புகார். ஆப் ஆங்கிலத்தில் இருப்பதும் ஒரு குறையாகச் சொல்லப்பட்டது. அது முழுக்க ஏபிஐ பிரச்னை என்று சொல்ல முடியாது. ஆனால் வேர் ஒன்றுதான்: ஆப் வருடத்துக்கு வருடம் வளர்கிறது, கையில் இருக்கும் போன் வளர்வதில்லை. பிறகு இதே ஆப்பில் முக அடையாளப் பதிவும் சேர்ந்தது. ஆப்பை மாற்ற முடிவெடுப்பவரின் மேஜையில் புதுப் போன் இருக்கிறது. அதைப் பயன்படுத்துபவரின் கையில் ஐந்து வருடப் பழைய போன் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துச் சோதிக்காமல் எந்த ஆப்பையும் கட்டாயமாக்குவது நியாயமில்லை.

டெவலப்பர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

அடிப்படை உத்தி எளிது. ஆப் திறக்கும்போதே 'இந்த போன் எந்த ஏபிஐ எண்?' என்று கேட்டு, 33-க்கு மேல் என்றால் ஒரு வழி, கீழே என்றால் இன்னொரு வழி என்று பிரித்து எழுதுவது. இப்படி ஒவ்வொரு இடத்திலும் எழுதினால் ஆப் முழுக்க 'என்றால், என்றால்' ஆகிவிடும் என்பதால், கூகுள் 2018-ல் ஆண்ட்ராய்டுஎக்ஸ் என்ற லைப்ரரித் தொகுப்பை அறிமுகம் செய்தது. பிரித்துப் பார்க்கும் வேலையில் பெரும்பகுதியை அது செய்துவிடும். டெவலப்பர் ஒரே மாதிரி எழுதலாம்.

தளத்தைத் தொடும் வேலைகளை ஒரே இடத்தில் குவித்து வைப்பது இன்னொரு பழக்கம். போட்டோ சேமிப்பது ஆப்பில் பத்து இடத்தில் நடந்தாலும், உண்மையில் சேமிக்கும் பகுதி ஒன்றே ஒன்றாக இருந்தால், விதி மாறும்போது அந்த ஒன்றை மட்டும் திருத்தினால் போதும். அவசரத்தில் எழுதிய ஆப்களில் இது இருக்காது. அங்கேதான் ஒரு நாள் வேலை ஒரு மாத வேலையாக நீள்கிறது.

டார்கெட்டை ஒரே தாவலில் 30-லிருந்து 35-க்கு ஏற்றாமல், ஒவ்வொரு படியாக ஏற்றிச் சோதிப்பது புத்திசாலித்தனம். எது உடைந்தது, எந்தப் படியில் உடைந்தது என்று தெரியும். ஆண்ட்ராய்டு 11 முதல், புது விதிகள் பலவற்றை ஒவ்வொன்றாக ஆன், ஆஃப் செய்து பார்க்கும் வசதி டெவலப்பர் ஆப்ஷன்ஸிலேயே இருக்கிறது. அப்டேட்டையும் ஒரேயடியாக எல்லோருக்கும் அனுப்பாமல், முதலில் நூற்றில் ஐந்து பேருக்கு என்று ப்ளே ஸ்டோரில் விட்டுப் பார்க்கலாம். அந்த ஐந்து பேருக்கு உடைந்தால், மீதி 95 பேர் தப்பித்தார்கள்.

தனி ஆளாக ஆப் வெளியிடும் இளைஞர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், ஆப்பை வெளியிடும் முன் 20 பேரை வைத்து தொடர்ந்து 14 நாள் சோதித்திருக்க வேண்டும் என்று கூகுள் சொன்னது. 2024 டிசம்பரில் அது 12 பேராகக் குறைக்கப்பட்டது. நண்பர்கள், உறவினர்கள் என்று ஆள் பிடிக்கும் படலம்தான். ஆனால் அந்த 12 பேரிடம் 12 வகை போன் இருந்தால் உண்மையிலேயே பயன் உண்டு.

ஆப் வைத்திருக்கும் கடைக்காரர் என்ன கேட்க வேண்டும்?

மில்லில் இயந்திரம் வாங்கினால் ஏஎம்சி போடுகிறோம். யுபிஎஸ்ஸுக்கும் சிசிடிவிக்கும்கூடப் போடுகிறோம். ஆப் மட்டும் 'ஒருமுறை காசு கொடுத்தாச்சு, முடிஞ்சது' என்று நினைக்கிறோம். வருடத்துக்கு ஒருமுறையாவது, ஆகஸ்டுக்கு முன்னால், ஆப்பைத் திறந்து பார்த்துச் சரிசெய்ய ஆளும் பணமும் ஒதுக்கியாக வேண்டும். ஆப் செய்யும் முன்பே இந்தப் பேச்சை முடித்துக்கொள்வது நல்லது.

அதைவிட முக்கியம், ப்ளே கன்சோல் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பது. அதற்கு ஒரே ஒரு முறை 25 டாலர் கட்டணம். ஆப்பிளுக்கு வருடம் 99 டாலர். 25 டாலரை மிச்சம் பிடிக்க டெவலப்பரின் கணக்கிலேயே ஆப்பை ஏற்றிவிட்டால், அவர் வேறு வேலைக்குப் போகும் நாளில் ஆப்பும் அவரோடு போகும். கணக்கு கடையின் பெயரில், கடையின் மெயிலில் இருக்கட்டும். டெவலப்பருக்குத் தேவையான அனுமதியை மட்டும் அதில் கொடுக்கலாம்.

இன்னொன்று, கையெழுத்துச் சாவி. ஒவ்வொரு ஆப்பும் ஒரு ரகசியச் சாவியால் கையெழுத்திடப்பட்டிருக்கும். அப்டேட்டும் அதே சாவியால் வர வேண்டும், இல்லாவிட்டால் போன் ஏற்காது. அந்த ஃபைல் யாருடைய பழைய லேப்டாப்பிலோ இருந்து, அந்த லேப்டாப்பும் எக்ஸ்சேஞ்சில் போயிருந்தால்? 2021 ஆகஸ்டுக்குப் பிறகு ப்ளே ஸ்டோருக்கு வந்த புது ஆப்களுக்கு முக்கியச் சாவி கூகுளிடமே இருக்கும். டெவலப்பர் கையில் இருப்பது ஏற்றுவதற்கான சாவி மட்டும், தொலைந்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். அதற்கு முந்தைய ஆப், அந்த ஏற்பாட்டில் சேரவும் இல்லை என்றால், வழியில்லை. புதுப் பெயரில் புது ஆப்பாகத்தான் தொடங்க வேண்டும். பழைய வாடிக்கையாளர்களிடம் ஒவ்வொருவராகச் சொல்லி இறக்க வைக்க வேண்டும்.

எல்லாக் கடைக்கும் ஆப் தேவையா என்ற கேள்வியும் இருக்கிறது. மெனு, விலை, ஆர்டர், யுபிஐ இவ்வளவுதான் வேண்டும் என்றால், போன் பிரவுசரில் திறக்கும் ஒரு நல்ல இணையப் பக்கமே போதும். அதற்கு டார்கெட் எண் கிடையாது, ஆகஸ்ட் கெடு கிடையாது.

ஆப் கிடைக்காத தம்பி என்ன செய்யலாம்?

முதலில் செய்யக் கூடாதது: 'ப்ளே ஸ்டோர்ல இல்லையா? இந்தா, ஏபிகே அனுப்புறேன்' என்று வாட்ஸ்அப்பில் வரும் ஃபைலைத் தட்டுவது. கடைக்காரரே நல்ல எண்ணத்தில் அனுப்பியிருக்கலாம். ஆனால் போக்குவரத்து அபராதம், கல்யாணப் பத்திரிகை, பேங்க் கேஒய்சி என்று பெயர் வைத்து வரும் மோசடி ஏபிகேக்களும் இதே வழியில்தான் வருகின்றன. மெசேஜைப் படிக்கும் அனுமதியை அவற்றுக்குக் கொடுத்துவிட்டால் ஓடிபியும் போகும், பணமும் போகும். கூகுளும் இந்த வழியைச் சுருக்கிக்கொண்டு வருகிறது. ப்ளே ஸ்டோருக்கு வெளியே ஆப் தருபவர்களும் தங்கள் அடையாளத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் தொடங்கி, 2027 முதல் மற்ற நாடுகளுக்கும் விரிவாக்குவது திட்டம்.

தம்பி செய்யக்கூடியது எளிது. ப்ளே ஸ்டோரில் ஆப்பின் பக்கம் அக்கா போனில் திறக்கும் அல்லவா? அதில் 'ஆப் பற்றி' என்ற பகுதியில் கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்று தேதி இருக்கும். இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் காரணம் பெரும்பாலும் புரிந்துவிடும். அதே பக்கத்தின் கீழே டெவலப்பரின் மெயில் முகவரியும் இருக்கும். அந்த தேதியை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, மெயிலோடு நிறுத்தாமல், கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கும் அனுப்பிவிடுங்கள். தன் ஆப் புதுப் போன்களில் தெரிவதில்லை என்று அவருக்கு முதலில் சொல்லும் ஆள் நீங்களாகவே இருக்கலாம்.